சோதித்தலும் பொறுப்பும்: ஓர் அறவியல் நோக்கு

ஆங்கிலேயக் கணிதவியலாளரும் மெய்யியலாளருமான டபிள்யூ. கே. கிளிபர்ட் 1877 இல் வெளியிட்ட ‘நம்பிக்கையின் அறவியல்’ என்னும் கட்டுரையைக் கப்பற் சொந்தக்காரன் ஒருவனின் கதையோடு தொடங்குகிறார். அவனுடைய கப்பல் பழையது, பலமுறை பழுதுபார்க்கப்பட்டது. குடிபெயர்ந்து செல்லும் மக்களை ஏற்றிக்கொண்டு அது புறப்படவிருக்கிறது. அதனை முழுமையாகப் பரிசோதிக்க வேண்டுமோ என்ற ஐயம் அவனுள் எழுகிறது. ஆனால் அதற்குப் பொருட்செலவு உண்டு. எத்தனையோ புயல்களைக் கடந்த கப்பல் இம்முறையும் கரைசேரும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறான், ஐயத்தை அடக்குகிறான், முடிவில் உண்மையாகவே நம்பிவிடுகிறான். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவன் காப்புறுதிப் பணத்தைப் பெற்றுக்கொள்கிறான். அம்மக்களின் இறப்புக்கு அவனே பொறுப்பாளி என்பது கிளிபர்ட்டின் தீர்ப்பு. அதற்கு மேலும் ஒரு படி சென்று, கப்பல் மூழ்காது கரைசேர்ந்திருந்தாலும் அவனுடைய குற்றம் குறையாது என்கிறார். அவன் நம்பியது உண்மையா பொய்யா என்பதன்று வினா. அவ்வாறு நம்புவதற்கு அவனுக்கு உரிமை இருந்ததா என்பதே வினா.

இக்கதையில் வராத வேறு இரு சொந்தக்காரரைக் கற்பனை செய்து பார்க்கலாம். ஒருவன் கப்பலைப் பலகை பலகையாகப் பரிசோதிக்கிறான். குறை எதனையும் காணவில்லை. எனினும் கப்பல் மூழ்குகிறது. மற்றவனும் பரிசோதிக்கிறான், ஆனால் உறுதியானவை என்று தான் முன்னரே அறிந்த பலகைகளை மட்டும் தட்டிப் பார்க்கிறான். முன்னவன் பொறுப்பிலிருந்து விடுபட்டவனா? பின்னவனைச் சோதித்தவன் என்பதா, சோதியாதவன் என்பதா? சோதனை முழு உறுதியைத் தராதாயின், அதனைச் செய்தல் கடமையாவது எங்ஙனம்? சோதித்தலின் அறப்பெறுமானம் எதில் தங்கியுள்ளது என்பதே ஈண்டு ஆராயப்படும் வினாவாகும்.

இவ்வினாவைக் கப்பலை விடுத்துக் கணனி மென்பொருளில் வைத்து நோக்குதல் தெளிவு தரும். கப்பலைத் தட்டிப் பார்ப்பவன் என்ன எண்ணித் தட்டினான் என்பதை அவனுடைய நெஞ்சே அறியும். செய்நிரலைச் சோதிப்பவனோ தான் எதனைக் கேட்டான், எதனை எதிர்பார்த்தான் என்பவற்றை எழுத்தில் வைக்க நேர்கிறது. அவ்வகையில், ‘கிற்’ எனப்படும் பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமையின் வலையமைப்புக் கட்டளைகள் சோதிக்கப்படும் விதம் இவ்வினாவுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாக அமைகின்றது.

பதிப்புக் கட்டுப்பாடு என்பது, ஓர் ஆக்கத்தின் திருத்தப்படிகள் அனைத்தையும், எதனை யார் எப்போது மாற்றினார் என்ற குறிப்போடு பேணிவைக்கும் முறையாகும். பலர் கூடி எழுதும் செய்நிரலுக்கு இஃது இன்றியமையாதது. லினக்ஸ் பணிசெயல் முறைமையின் மையப் பகுதியை ஆக்கிவந்தோர் ‘பிற்கீப்பர்’ என்னும் கருவியைப் பயன்படுத்திவந்தனர். அதனை இலவசமாகப் பயன்படுத்தும் வாய்ப்பு 2005 இல் நீங்கியபோது, அவ்வாண்டு ஏப்பிரலில் லினஸ் தோர்வால்ட்ஸ் கிற்றை உருவாக்கத் தொடங்கினார். அதே ஆண்டு யூலையில் அதன் பராமரிப்பு ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைக்கப்பட்டது. இம்முறைமையில் மைய ஏடு என ஒன்று கட்டாயமில்லை. ஒவ்வொருவர் கணனியிலும் வரலாறு முழுவதும் இருக்கலாம். ஆகவே ஒரு கணனி, ‘உன்னிடம் உள்ளவற்றுள் என்னிடம் இல்லாதவை எவை?’ என்று மற்றொரு கணனியிடம் கேட்டுப் பெறவேண்டியதாகிறது. கேட்பதும் விடையிறுப்பதும் எவ்வொழுங்கில் நிகழவேண்டும் என்று வகுத்துரைப்பதே நெறிமுறை. புரொட்டோகோல் என ஆங்கிலத்தில் வழங்குவது இதுவே.

கிற்றில் ஒவ்வொரு பொருளும் தன் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்பட்ட ஓர் எண்ணையே பெயராகக் கொண்டுள்ளது. உள்ளடக்கம் வழியிற் சிதைந்தால் பெயர் பொருந்தாது. சிதைவு உடனே வெளிப்படும். எனவே வந்துசேர்ந்த பொருள் மெய்யானதா என்பதை அப்பொருளைக் கொண்டே அறியலாம். ஆனால் பேச்சுக்கு அத்தகைய தற்காப்பு இல்லை. கேட்டதற்கு ஏற்ற விடை வந்ததா, கேளாதது வந்ததா, கேட்கத் தகாததைக் கேட்டபோது மறுக்கப்பட்டதா என்பவற்றைப் பேச்சே காட்டிவிடாது. அவற்றை எவரேனும் சோதித்தே அறியவேண்டும்.

அப்பேச்சின் அமைப்புச் சற்று விரிவாக நோக்கத்தக்கது. ஒவ்வொரு வரியும் தன் நீளத்தை முதலிலே கூறிக்கொண்டு வருகின்றது. பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் அமைந்த நான்கு இலக்கங்கள் வரியின் முன்னே நிற்கும்; அந்நான்கு இலக்கங்களும் கணக்கிற் சேரும். கிளைகளினதும் குறியீடுகளினதும் பெயர்ப்பட்டியலைக் கேட்கும் ‘எல்எஸ்-றெஃப்ஸ்’ என்னும் கட்டளைக்குரிய வரி, வரிமுடிவுக் குறியோடு 16 எழுத்து நீளமுடையது. முன்னிலக்கங்களைச் சேர்க்க 20 ஆகும். இது 0014 என எழுதப்படும். 0000 என்பது ‘என் பேச்சு இவ்வளவில் முடிந்தது’ என்பதன் குறி. 0001 பேச்சின் பகுதிகளைப் பிரிக்கும் குறி. தான் எவ்வளவு பேசப்போகிறது என்பதை முன்னரே அறிவித்து, அவ்வளவே பேசுதல் இந்நெறிமுறையின் முதல் ஒழுக்கம் எனலாம்.

பழைய நெறிமுறையில், வழங்கும் கணனி தன்னிடமுள்ள பெயர்கள் அனைத்தையும் எவரும் கேளாமலே முதலில் ஒப்புவித்துவிடும். ஒரே ஒரு கிளையை வேண்டி வந்தவரும் முழுப் பட்டியலையும் கேட்டிருக்க வேண்டும். கூகிள் நிறுவனப் பொறியியலாளரின் முயற்சியால் உருவாகி, 2018 யூனில் வெளிவந்த கிற்றின் 2.18 ஆம் பதிப்பில் இடம்பெற்ற இரண்டாம் நெறிமுறை இதனை மாற்றியது. இதன்படி வழங்கும் கணனி முதலில் தன்னால் இயல்வன எவை என்பதை மட்டுமே அறிவிக்கின்றது: இன்ன கட்டளைகளை ஏற்பேன், இன்ன வசதிகள் உண்டு என்பது அவ்வறிவிப்பு. கேட்கும் கணனி அவ்வெல்லைக்குள் நின்று ஒரு கட்டளையைக் கூறி, தனக்கு வேண்டிய முன்னொட்டுடைய பெயர்களை மட்டும் தருமாறு கேட்கலாம். ‘ஃபெச்’ என்னும் கட்டளையால் பொருள்களைப் பெறலாம். ஒருவரையொருவர் அறியாத இருவரிடையே நிகழும் இவ்வுரையாடலில், முதல் அறிவிப்பு ஒரு வாக்குறுதியின் இயல்பைப் பெறுகின்றது. இயலும் என்று கூறியதைச் செய்யாமையும், கூறாததைச் செய்யப் புகுதலும் இருவேறு வகையான வாக்குப் பிறழ்வுகளாகும்.

இக்கட்டளைகளைச் சோதிப்பதற்கென எழுதப்பட்டவை கிற்றின் மூலநிரலுடனேயே வைக்கப்பட்டுள்ளன. விரும்பிய எவரும் படிக்கலாம். சோதனைக்கு உண்மையான வலையமைப்பு வேண்டியதில்லை. கேட்கும் கணனி கூறவேண்டிய வரிகளைச் சோதிப்பவரே எழுதி, அவற்றை நெறிமுறைக்குரிய வடிவில் பொதிந்து, வழங்கும் பகுதிக்கு நேரே ஊட்டுகிறார். வரவேண்டிய விடை ஒரு கோப்பிலும் உண்மையில் வந்த விடை மற்றொரு கோப்பிலும் வைக்கப்பட்டு, இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடப்படுகின்றன. இங்கு எதிர்பார்ப்பு எழுத்தில் நிலைநிறுத்தப்படுதல் முக்கியமானது. கிளிபர்ட்டின் கப்பற்காரன் தன் எதிர்பார்ப்பைத் தன் வசதிக்கேற்ப வளைக்க முடிந்தமைக்குக் காரணம், அஃது எங்கும் எழுதப்படாதிருந்தமையே. எழுதிவைத்தவன் பின்னர் அதனை மாற்றலாம். ஆனால் பிறர் அறியாமல் மாற்றமுடியாது.

இச்சோதனைகளுட் குறிப்பிடத்தக்க ஒரு தொகுதி, மறுப்பைச் சோதிப்பனவாகும். அறிவிக்கப்படாத வசதியொன்றைக் கோருதல், கட்டளை எதனையும் கூறாமலே வேண்டுகோளை அனுப்புதல், இல்லாத கட்டளையைக் கூறுதல், வசதியின் பெயரைக் கட்டளையின் இடத்திலும் கட்டளையின் பெயரை வசதியின் இடத்திலும் வைத்தல், ‘ஃபெச்’ வேண்டுகோளின் நடுவே எதிர்பாராத வரியொன்றைச் செருகுதல் ஆகிய தவறுகள் வேண்டுமென்றே செய்யப்படுகின்றன. வழங்கும் பகுதி இவற்றை ஏற்க மறுத்தாலே சோதனை வெற்றி. தோல்வியடையவேண்டிய இடத்தில் தோல்வியடைதலும் ஒழுங்கே என்பது இதன் உட்கிடை. உறுதியான பலகைகளை மட்டும் தட்டிப் பார்த்தவன் தவறவிட்டது இதனையே.

இவ்விடத்து ஓர் எதிர்வாதம் எழலாம். இணையத்தின் நெறிமுறைகளை வகுத்தோருள் முதன்மையானவரான யோன் பொஸ்ரல், அனுப்புவதில் கண்டிப்பும் பெறுவதில் தாராளமும் வேண்டும் என்னும் பொருள்பட 1980 இல் ஒரு கொள்கையை முன்வைத்தார். பிறர் பேச்சிற் சிறு பிழை இருப்பினும் அதன் கருத்தை உணர்ந்து ஏற்றுக்கொள்ளுதல் பெருந்தன்மையன்றோ? கண்ணோட்டம் என்று தமிழ் அறநூல் போற்றுவதும் இத்தகையதன்றோ? நீண்டகாலம் இணையம் வளர்ந்தது இக்கொள்கையின் துணையோடுதான் என்பதும் மறுக்கத்தக்கதன்று. எனினும் பிழையான பேச்சு ஓரிடத்தில் ஏற்கப்பட்டால், பேசியவர் அதனைப் பிழையென அறியாமலே பிறரிடமும் அவ்வாறே பேசுவர். காலப்போக்கில் பிழையே வழக்காகி, பின்வருவோர் அனைவரும் அப்பிழையையும் கற்றுக்கொள்ள வேண்டிய நிலை தோன்றும். 2023 இல் இணையக் கட்டமைப்புச் சபை வெளியிட்ட ஆவணமொன்றும் இக்கொள்கையின் இத்தகைய விளைவுகளைச் சுட்டியது. மனிதரிடம் காட்டும் கண்ணோட்டம், பிழைசெய்தவர் அதனை உணர்ந்து திருந்துவார் என்ற நம்பிக்கையை உள்ளடக்கியது. பிழையை மறைத்து ஏற்கும் இயந்திரத்திடம் அத்தகைய நம்பிக்கைக்கு இடமில்லை. தெளிவான மறுப்பே அங்குப் பிழைசெய்தவருக்குச் செய்யும் உதவியாகிறது.

இனி, சோதனை எவ்வளவு அறிவைத் தருகின்றது என்ற வினாவுக்கு வரலாம். இதுவரை நிகழ்ந்தவற்றைக் கொண்டு இனி நிகழ்வதை உறுதிசெய்ய முடியாது என்று பதினெட்டாம் நூற்றாண்டிலே டேவிட் ஹியூம் காட்டினார். கோட்பாடு ஒன்றை எத்தனை சான்றுகளாலும் நிறுவமுடியாது, பொய்ப்பிக்கவே முடியும் என்று கார்ல் பொப்பர் 1934 இல் வெளியான நூலில் வாதிட்டார். செய்நிரலியலில் இக்கருத்தை வலியுறுத்தியவர் ஒல்லாந்தரான எட்ஸ்கர் டைக்ஸ்ரா. சோதனையால் வழுக்கள் உள்ளமையைக் காட்டலாம். வழுக்கள் இல்லாமையை ஒருபோதும் காட்ட இயலாது என்று அவர் 1970 இல் எழுதினார். சைவசித்தாந்த அளவையியல் கொள்ளும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றினையும் துணைக்கொண்டு இதனை விளக்கலாம். வழங்கும் கணனி தன் ஆற்றலை அறிவிப்பது உரை. சோதனையில் விடையை நேரே பெறுவது காண்டல். சோதிக்கப்படாத கோடிக்கணக்கான சூழல்களிலும் அவ்வாறே நடக்கும் எனக் கொள்வது கருதல். உரையைக் காண்டலோடு பொருத்திப் பார்ப்பதே சோதனை செய்யும் பணி. அதற்கப்பாற் செல்லும் ஒவ்வோர் அடியும் கருதலே, தவறக்கூடியதே.

2020 ஆம் ஆண்டு நிகழ்ந்ததொன்று இதற்குச் சான்றாகும். இரண்டாம் நெறிமுறை ஏறத்தாழ ஈராண்டு காலம் விரும்பியோர் மட்டும் பயன்படுத்தும் வகையில் இருந்தபின், அவ்வாண்டு மார்ச்சில் வெளிவந்த 2.26 ஆம் பதிப்பில் எல்லோருக்கும் இயல்பான நெறிமுறையாக ஆக்கப்பட்டது. சோதனைத்தொகுதி முழுவதையும் புதிய நெறிமுறையில் இயக்கிப் பார்ப்பதற்கான ஏற்பாடும் அதற்குமுன் இருந்தது. எனினும் பரந்த பயன்பாட்டிற் குறைகள் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்று பின்வருமாறு. பொருள்களைப் பெறும்போது, கேட்கும் கணனி தன்னிடம் ஏற்கனவே உள்ளவற்றின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லும். இருவருக்கும் பொதுவானது எது என வழங்கும் கணனி கூறும். பயன் எதுவுமின்றி 256 பெயர்களைச் சொல்லியான பின் கேட்கும் கணனி தேடலைக் கைவிடும். இடையிற் பொதுவானதொன்று கிடைத்தால் அவ்வெண்ணிக்கை மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கவேண்டும். புதிய நெறிமுறையில் அவ்வாறு சுழியமாக்குதல் விடுபட்டிருந்தது. அதனால் பொதுவானவை கிடைத்துக்கொண்டிருந்தபோதே தேடல் கைவிடப்பட்டது; வழங்கும் கணனி தேவைக்கு மிகுதியான பொருள்களை அனுப்ப நேர்ந்தது.

இக்குறையில் ஆழ்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. முடிவில் வந்துசேர்ந்தவை யாவும் சரியான பொருள்களே. விடை சரியா என்று மட்டும் வினவும் சோதனை இக்குறையைக் காணமாட்டாது. இருவர் தம்மிடையே பொதுவானதைத் தேடும் முயற்சியை எப்போது கைவிட்டனர் என்று வினவியிருந்தாலே அது புலப்பட்டிருக்கும். வினவாத வினாவுக்கு எந்தச் சோதனையும் விடை தராது. இவ்வகையில் வெற்றிபெற்ற சோதனையே ஒரு சோதனைப்பொறியாக மாறலாம். ‘எல்லாம் தேறிவிட்டன’ என்னும் அறிவிப்பு, புயல்களைக் கடந்த பழைய கப்பலைப் போல, ஐயத்தை உறங்கவைக்கலாம்.

ஆனால் அதன்பின் நிகழ்ந்ததே அறவியல் நோக்கில் முக்கியமானது. 2020 யூனில் வெளிவந்த 2.27 ஆம் பதிப்பில், இரண்டாம் நெறிமுறையில் இன்னும் செம்மைப்படாத இடங்கள் உள்ளன என்பதை வெளியீட்டுக் குறிப்பிலே ஒப்புக்கொண்டு, அதனை இயல்பு நிலையிலிருந்து நீக்கிப் பழையதையே மீளக் கொணர்ந்தனர். குறைகளைக் களைந்த பின்னரே, யூலையில் வந்த 2.28 ஆம் பதிப்பில் அது மீண்டும் இயல்பாக்கப்பட்டது. தாம் சோதித்தோம் என்பதைக் காரணமாகக் காட்டித் தம் முடிவை அவர்கள் நியாயப்படுத்தவில்லை. முன்னர் கூறப்பட்ட முதற் சொந்தக்காரன், அதாவது நேர்மையாகச் சோதித்தும் குறை காணாதவன், பொறுப்பிலிருந்து விடுபட்டவனா என்னும் வினாவுக்கு இங்கு விடை கிடைக்கின்றது. அவன் பழியிலிருந்து விடுபடலாம், பொறுப்பிலிருந்து விடுபடான். சோதனை முடிந்ததும் பொறுப்பு முடிவதில்லை. கப்பல் கடலில் இருக்கும் வரை அது தொடர்கின்றது.

மற்றோர் ஐயமும் தீர்க்கப்பட வேண்டியது. செய்நிரலை எழுதுவோரே சோதனையையும் எழுதுவராயின், வினாத்தாளைத் தானே ஆக்கித் தானே விடையெழுதும் மாணவனின் நிலை அதுவன்றோ? இது முற்றாக நீக்கமுடியாத இடர்ப்பாடு. தன்னைத் தானே சோதிப்பவன் தன் குருட்டிடத்தைச் சோதனைக்குள்ளும் கொண்டுசெல்வான். இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. ஒன்று, சோதனையையே பிறர் பார்வைக்கு வைத்தல். மற்றையது, அறிந்த குறையை அறிவித்தல். கிற்றின் சோதனைமுறையில் இதற்கென ஓர் ஏற்பாடு உளது. இன்னது நடக்கவேண்டும், ஆனால் இப்போது நடப்பதில்லை என்பதையே ஒரு சோதனையாக எழுதிவைக்கலாம். அஃது ஒவ்வொரு முறை இயக்கப்படும்போதும் ‘அறியப்பட்ட குறை’ என அறிக்கையிற் பதிவாகும். குறை தீர்ந்த நாளில் அதுவும் தெரியவரும். தன் குறையைத் தானே எழுதிக் கண்முன் தொங்கவிட்டு, அதனைத் தினமும் வாசிக்கும் ஒழுக்கம் மனிதரிடையேயும் அரிது. கிளிபர்ட்டின் கப்பற்காரனுக்குக் குறை தெரியாமலில்லை. தெரிந்ததை மறக்க அவன் உழைத்தான். அவ்வுழைப்புக்கு நேர்மாறானது இவ்வேற்பாடு.

திருக்குறளின் தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரம், ஆராயாது ஒருவரை நம்புதலையும் நம்பியபின் ஐயுறுதலையும் ஒருங்கே கண்டிக்கின்றது. குற்றமே அற்றவரைத் தேடுமாறு அது கூறவில்லை. நிறைகுறைகளை எடைபோட்டு மிகுதி நோக்கித் துணியுமாறே கூறுகின்றது. முற்றுறுதி கிட்டாத உலகில் நம்பிக்கை எவ்வாறு இயலும் என்பதற்கு இது தக்க விடையாகும். ஆயினும் தெளிந்தபின் ஐயுறலாகாது என்னும் பகுதி, ஓயாது மீண்டும் மீண்டும் சோதிக்கும் இம்முறையோடு முரண்படுவதாகத் தோன்றலாம். அவ்வதிகாரம் மனிதரைப் பற்றியது என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். நம்பிய மனிதனை ஐயுறுதல் அவனைப் புண்படுத்தும், உறவையும் சிதைக்கும். தன் கையால் ஆன ஆக்கத்தைத் தானே ஐயுறுதல் எவரையும் புண்படுத்தாது. மாறாக, அதனை நம்பிய பிறருக்கு ஆற்றும் கடனாகும். பிறர் தன்மேல் வைத்த நம்பிக்கை ஐயமின்றி நிலைக்கவேண்டுமாயின், ஐயுறும் பணியை அவர்களுக்காகத் தானே ஏற்றல் வேண்டும்.

எனவே சோதித்தலின் அறப்பெறுமானம் அது தரும் உறுதியில் தங்கியிருக்கவில்லை. உறுதி அதனால் தரமுடியாத ஒன்று. எதிர்பார்ப்பை எழுதி நிலைநிறுத்துதல், உடன்பாட்டோடு மறுப்பையும் சோதித்தல், அறிந்த குறையை மறையாமை, தேறிய பின்னும் பின்வாங்க ஆயத்தமாயிருத்தல் ஆகியவற்றாலே அது பெறுமானம் பெறுகின்றது. இவையின்றிச் செய்யப்படும் சோதனை, உறுதியான பலகைகளைத் தட்டிப் பார்த்தவனின் செயல் போன்றது. சோதியாமையினும் அது தீது. சோதியாதவன் ஐயத்தை அடக்கத் தன் மனத்தோடு போராடவேனும் வேண்டியிருந்தது. இவனோ சோதனையைக் கொண்டே அதனை அடக்கிவிடுகிறான். கப்பலில் ஏறுவோர் பலகைகளைத் தட்டிப் பார்ப்பதில்லை. பார்க்கவும் அவர்களால் இயலாது. அவர்களுக்காக எவர் தட்டிப் பார்த்தார், எதனை எதிர்பார்த்துத் தட்டினார் என்பதே அவர்களுடைய உயிருக்கும் கடலுக்கும் இடையில் நிற்பது.